ஸ்பானருக்கு முன் கேஜ்

(தானியங்கி ஹைட்ராலிக் பிரஸ்களில் பழுது காண்பது குறித்து நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இலக்கியத்துக்கும் வரலாற்றுக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் நம் ஊரில் நிறைய உண்டு. மிஷின் பழுதுபார்க்கிற ஒருவனை மேடையேற்றி, அவன் வேலையைப் பற்றியே பேசச் சொல்வது அரிது. அப்படி அழைத்தவர்களுக்கு நன்றி. நான் பேசப்போவது ஹைட்ராலிக் பிரஸ் பற்றி. அது நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும், அதற்கும் முன்னால் என்ன செய்யக் கூடாது என்பதைப் பற்றி.

பல பட்டறைகளில் நான் பார்த்தது இதுதான். பிரஸ் நின்ற பத்தாவது நிமிடம் யாராவது ஸ்பானரோடு வந்துவிடுகிறார். ஒரு பைப் கழற்றப்படுகிறது. ஒரு வால்வு மாற்றப்படுகிறது, அல்லது ஒரு சீல். மிஷின் ஓடத் தொடங்கியதும் எல்லோருக்கும் நிம்மதி. இரண்டு வாரத்தில் அதே பழுது திரும்ப வருகிறது. "இந்த மிஷினே ராசியில்லை" என்று முதலாளி சொல்கிறார். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹைட்ராலிக் மிஷினில் பழுது தெரியும் இடம் ஒன்று, பழுது பிறக்கும் இடம் வேறொன்று. அளந்து பார்க்காமல் கழற்றுகிறவர் தெரியும் இடத்தையே கழற்றுகிறார். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

பேசுவதற்கு வசதியாக ஒரு மிஷினை எடுத்துக்கொள்வோம். நான்கு தூண் வைத்த 100 டன் டீப் டிராயிங் பிரஸ். எவர்சில்வர் தகட்டை டப்பாவாகவும் டிபன் கேரியர் அடுக்காகவும் இழுக்கிற மிஷின். சிலிண்டரின் உள்விட்டம் 250 மி.மீ. என்றால் பிஸ்டனின் பரப்பு சுமார் 491 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 200 பார் அழுத்தம் கொடுத்தால் 100 டன் விசை கிடைக்கும். பம்ப் நிமிடத்துக்கு 60 லிட்டர் ஆயில் தள்ளினால், பிஸ்டனோடு சேர்ந்த ராம் நொடிக்கு ஏறக்குறைய 20 மி.மீ. இறங்கும்.

மாணவர்கள் இந்த இரண்டு கணக்கையும் பிரித்தே மனத்தில் வைக்க வேண்டும். விசை அழுத்தத்தால் வருகிறது, வேகம் ஆயிலின் ஓட்டத்தால் வருகிறது. பம்ப் தருவது ஓட்டம் மட்டுமே. அந்த ஓட்டத்தை ஏதாவது ஒன்று எதிர்க்கும்போதுதான் அழுத்தம் ஏறும். தகடு எதிர்க்கலாம், மூடிய வால்வு எதிர்க்கலாம். எதிர்ப்பு இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய பம்ப்பாக இருந்தாலும் கேஜ் முள் அசையாது. "பம்ப் பிரஷர் குடுக்கல சார்" என்று ஆபரேட்டர் சொல்வதைக் கேட்டதும் பம்ப்பைக் கழற்றப் போகிறவர்கள் இந்த அடிப்படையைத்தான் மறந்துவிடுகிறார்கள். டன் ஏறவில்லை என்ற புகாரில் கழற்றப்பட்டு ஒர்க்ஷாப்புக்கு வரும் பம்ப்புகளில் நல்ல பம்ப்புகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஹைட்ராலிக் பிரஸ்ஸின் பிறப்பிலேயே ஒரு பழுது இருந்தது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்று பாஸ்கல் எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின் 1663-இல் வெளிவந்தது. அந்தத் தத்துவத்தை வைத்து வேலை செய்யும் பிரஸ்ஸுக்கு இங்கிலாந்தின் பூட்டுத் தொழிலாளர் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்றது 1795-இல். இடைப்பட்ட காலம் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல். தத்துவம் தெரிந்திருந்தும், ராமைச் சுற்றிக் கசிவதை நிறுத்துவது பெரும்பாடாக இருந்தது. இறுக்கிக் கட்டினால் ராம் நகராது, தளர்த்தினால் தண்ணீர் கொட்டும். பிராமாவின் பட்டறையில் வேலை செய்த ஹென்றி மாட்ஸ்லே, கிண்ணம் போல வளைத்த தோல் சீலைப் போட்டார் என்று சொல்வார்கள். அழுத்தம் ஏற ஏற அந்தத் தோல் தானே விரிந்து ராமை இறுக்கும். அழுத்தம் போனதும் தானே தளரும். இன்று பாலியூரித்தேனில் வரும் சீலும் அதே யோசனையில்தான் வேலை செய்கிறது. ஆகவே கசிவு என்பது ஹைட்ராலிக் மிஷினோடு கூடப் பிறந்தது. அதை முழுவதும் ஒழிக்க முடியாது. எங்கே, எவ்வளவு என்று கணக்கு வைத்திருக்க முடியும்.

இப்போது பழுதுக்கு வருவோம். முதல் கேள்வியை மிஷினிடம் கேட்காதீர்கள், அதை ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். எப்போதிலிருந்து? காலையிலா, மதியமா? மெதுவாகிவிட்டதா, டன் வரவில்லையா, இரண்டுமா? சத்தம் மாறியதா? நேற்று யாராவது எதையாவது திருகினார்களா? நாள் முழுக்க அந்த மிஷின் பக்கத்தில் நிற்பவரின் காதுக்கு அதன் சத்தம் பழகியிருக்கும். அவர் சொல்லும் பெயர்கள் தப்பாக இருக்கலாம், சொல்லும் அறிகுறி தப்பாக இருக்காது.

வேகம் குறைந்திருக்கிறது, ஆனால் கடைசியில் முழு டன்னும் வருகிறது என்றால், ஓட்டம் குறைந்திருக்கிறது. பம்ப்பின் உட்தேய்மானம், அடைத்த சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர், ஸ்ட்ரோக் குறைத்து வைக்கப்பட்ட மாறு-ஓட்டப் பம்ப் என்று தேட வேண்டும். வேகம் சரியாக இருந்து டன் ஏறவில்லை என்றால், ஓட்டம் வந்துகொண்டுதான் இருக்கிறது, எங்கோ வழி கண்டுபிடித்து டேங்குக்கே திரும்பிவிடுகிறது. அந்த வழி எது என்பதுதான் கேள்வி.

பெரிய பிரஸ்களில் பலரும் கவனிக்காத வழி ஒன்று உண்டு. நம் 100 டன் பிரஸ் தகட்டைத் தொடும்வரை நொடிக்கு 150 மி.மீ. வேகத்தில் இறங்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 440 லிட்டர் ஆயில் வேண்டும். 60 லிட்டர் பம்ப் அதைத் தராது. அதனால் ராமை அதன் எடையிலேயே இறங்கவிட்டு, மேலே இருக்கும் டேங்கிலிருந்து பிரீஃபில் வால்வு வழியாகச் சிலிண்டரை நிரப்புகிறார்கள். பஞ்ச் தகட்டைத் தொட்டதும் அந்த வால்வு மூடிக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் பம்ப்பின் அழுத்தம் ஏறும். வால்வின் சீட்டில் ஒரு சிறு உலோகச் சீவல் உட்கார்ந்துவிட்டால் போதும், பம்ப் தள்ளுவதெல்லாம் மேல் டேங்குக்குப் போய்விடும். கீழே பம்ப்பைக் கழற்றி வைத்துக்கொண்டு நிற்பார்கள். பழுது மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கும்.

அதே போல ரிலீஃப் வால்வு. பைலட் வகை ரிலீஃப் வால்வுக்குள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை இருக்கிறது. அது அடைத்தால் வால்வு மூடவே மூடாது. அதை அடைப்பது எது என்று பார்த்தால், பல நேரம் நாமே சுற்றிய டெஃப்லான் டேப்பின் ஒரு துணுக்கு. ஹைட்ராலிக் இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஓ-ரிங்கோ, பாண்டட் வாஷரோ உள்ள இணைப்பில் அதற்கு வேலையே இல்லை.

இவற்றில் எது என்று கழற்றாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? மிஷினைப் பாதியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பம்ப் லைனில் ஒரு மூடும் வால்வு இருந்தால், அதை மூடிப் பம்ப்பை ஓட்டி, கேஜில் 200 பார் வருகிறதா என்று பார்க்கலாம். வந்தால் பம்ப்பும் ரிலீஃபும் நல்லவை, பழுது அதற்கப்பால். வராவிட்டால் இந்தப் பக்கம். ஒரே சோதனையில் மிஷினின் பாதி விடுதலை ஆகிவிடுகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. ரிலீஃப் வால்வு அந்த மூடும் வால்வுக்கு முன்னால், பம்ப் பக்கத்தில் இருக்கிறதா என்று சர்க்யூட் படத்தைப் பார்த்து உறுதி செய்த பிறகே மூட வேண்டும். ரிலீஃப் அந்தப் பக்கம் இருந்தால் மூடிய கணத்தில் அழுத்தத்துக்குப் போக்கிடம் கிடையாது. பம்ப்போ பைப்போ பிளந்துவிடும். படம் தொலைந்துபோன மிஷினில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

இனி ஆயில். ஹைட்ராலிக் பழுதுகளின் தாய்வீடு இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

வெறும் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய துகள் ஏறக்குறைய 40 மைக்ரான். வால்வுக்குள் ஸ்பூலுக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியோ சில மைக்ரான்கள்தான். ஆகவே "ஆயில் கண்ணாடி மாதிரி இருக்கு" என்று பாட்டிலைத் தூக்கிக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. ஸ்பூலைச் சிக்கவைக்கும் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் இருக்கிறது. அதனால்தான் ஐ.எஸ்.ஓ. 4406 என்ற அளவுகோலில் துகள்களை எண்ணி ஆயிலின் சுத்தத்தைக் குறிக்கிறார்கள். சீல் உடைக்காத புது பேரலில் வரும் ஆயிலே பல நேரங்களில் அந்த அளவுக்குச் சுத்தமாக இருப்பதில்லை. வாளியும் புனலும் வைத்து ஊற்றுகிறவர் ஆயிலோடு அழுக்கையும் சேர்த்து ஊற்றுகிறார். ஃபில்டர் பொருத்திய சிறு பம்ப் வழியாக நிரப்புவதற்கு ஆகும் செலவு, ஒரு புரபோர்ஷனல் வால்வின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

டேங்கின் தலையில் இருக்கும் பிரீதரை யாரும் கண்டுகொள்வதில்லை. ராம் இறங்கும்போது டேங்கில் ஆயில் மட்டம் குறைகிறது, வெளிக்காற்று உள்ளே போகிறது. ஏறும்போது காற்று வெளியே வருகிறது. ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் டேங்க் மூச்சு விடுகிறது. பாத்திரப் பட்டறையில் அந்தக் காற்றில் பாலிஷ் போடும் பகுதியிலிருந்து வரும் எமரித் தூள் இருக்கும். ஃபவுண்டரி பக்கத்தில் மணல் தூள் இருக்கும். எமரி என்பது உலோகத்தைத் தேய்ப்பதற்கென்றே உள்ள பொருள். அதை ஆயிலில் கலந்து பம்ப்புக்குள் ஓடவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கடலோரத்திலும் மழைக்காலத்திலும் அதே வழியாக ஈரமும் போகிறது. ஆயில் பால் போல வெளுத்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். மேல் மட்டத்தில் நுரை கட்டினால் காற்று.

சூடு பற்றி ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஒரு பாத்திரப் பட்டறையில் பிரஸ் காலை முழுக்க நன்றாக ஓடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டன் ஏறாது. தகடு பாதி இழுபட்டு நிற்கும். பம்ப் மாற்றினார்கள். கொஞ்சம் பலன் தெரிந்தது; பிறகு பழையபடியே ஆனது. சிலிண்டர் சீல் மாற்றினார்கள். அப்போதும் அதே கதை. என்னைக் கூப்பிட்டபோது நான் கேட்டது, டேங்கில் தெர்மாமீட்டர் இருக்கிறதா என்று. இருந்தது, ஆனால் பெயிண்ட் அடித்தபோது அதன் கண்ணாடியையும் சேர்த்து அடித்துவிட்டிருந்தார்கள். சுரண்டிப் பார்த்தோம். காலையில் 38 டிகிரி. மூன்று மணிக்கு 70-ஐத் தாண்டியது.

அங்கே போட்டிருந்தது வி.ஜி. 68 ஆயில். அந்த 68 என்பது 40 டிகிரியில் அதன் பிசுபிசுப்பின் அளவு. 60 டிகிரிக்குப் போனால் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். 100 டிகிரியில் ஒன்பதுக்கும் குறைவு. ஆயில் நீர்க்க நீர்க்க பம்ப்புக்குள், வால்வுக்குள், பிஸ்டனைச் சுற்றி, எல்லா இடைவெளியிலும் கசிவு கூடுகிறது. கசியும் ஆயில் வேலை செய்யாமல் அழுத்தத்தை இழக்கிறது. அந்த இழப்பு முழுவதும் சூடாகிறது. அந்தச் சூடு ஆயிலை மேலும் நீர்க்கச் செய்கிறது. நிமிடத்துக்கு 60 லிட்டர் ஆயில் 200 பாரில் ரிலீஃப் வழியாகவே திரும்பினால், 20 கிலோவாட் சக்தி அப்படியே டேங்குக்குள் சூடாக இறங்குகிறது. புதுப் பம்ப்பில் இடைவெளி குறைவு, அதனால் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது, அவ்வளவுதான்.

சரி, சூடு ஏன் போகவில்லை? கூலருக்குப் போகும் தண்ணீரின் நுழைவாயிலையும் வெளிவாயிலையும் தொட்டுப் பார்த்தோம். இரண்டும் ஒரே குளிர்ச்சி. ஆயில் கொதிக்கிறது, தண்ணீர் அதைத் தொடாமலேயே போய்வருகிறது. கூலரைத் திறந்தால், குழாய்களின் உள்ளே வெள்ளை வெளேரென்று உப்புப் படிவம். போர் தண்ணீரை அப்படியே விட்டிருந்தார்கள். நம் ஊர் போர் தண்ணீரின் கடினத்தன்மை எல்லோருக்கும் தெரியும். வீட்டுக் குழாயைப் பார்த்தாலே போதும். குழாய்களைச் சுத்தம் செய்து, மென்னீருக்கு ஏற்பாடு செய்ததும் பிரஸ் மாலை வரை முழு டன்னில் ஓடியது. பழுது தெரிந்தது டையில், பிறந்தது கூலருக்குப் போன தண்ணீரில். இடையில் ஒரு பம்ப்புக்கும் ஒரு செட் சீலுக்கும் வீணாகப் பணம் போனது. ஆயில் சூட்டை 60 டிகிரிக்குள் வைத்திருங்கள். 80-ஐத் தாண்டினால் நைட்ரைல் சீல்கள் இறுகி வெடிக்கத் தொடங்கும்.

சத்தத்துக்கு வருகிறேன். பம்ப் ஒரே சுருதியில் வீல் வீல் என்று ஊளையிட்டால், அதற்குப் போதிய ஆயில் வந்து சேரவில்லை. ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கும், பிரீதர் அடைத்திருக்கும், அல்லது விடியற்காலைக் குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும். உள்ளே வெற்றிடக் குமிழிகள் உண்டாகி, அழுத்தப் பக்கம் போனதும் நொறுங்கி, உலோகத்தையே அரித்து எடுக்கும். சரளைக்கல்லைப் போட்டு உருட்டுவது போன்ற கடகடப்பு வந்தால் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. சக்‌ஷன் பைப்பின் ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் ஆயிலை ஊற்றிப் பாருங்கள். எந்த இணைப்பில் ஊற்றும்போது சத்தம் குறைகிறதோ அங்கேதான் ஓட்டை. காற்று கலந்த ஆயிலில் ராம் துள்ளித் துள்ளி இறங்கும். பிரேக் லைனில் காற்று புகுந்த பழைய வேனில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குமே, அதே குணம்தான்.

இன்னொரு சத்தம், ராம் மேலே திரும்பும் கணத்தில் 'டமார்' என்று ஓர் அடி. இதைப் பல பட்டறைகளில் "மிஷின்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆயிலும் கொஞ்சம் அமுங்கும். 200 பாரில் நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்றுக் குறைவாக அமுங்கும். 30 லிட்டர் கொண்ட சிலிண்டரில் அது ஏறக்குறைய 400 மில்லி. திரும்பும் வழியை ஒரேயடியாகத் திறந்தால் அந்த 400 மில்லியும், நீண்டிருந்த தூண்களும் ஒரே கணத்தில் விடுபடுகின்றன. ஒவ்வொரு அடிக்கும் பைப்பின் வெல்டிங்கும் ஃபிளாஞ்சின் போல்ட்டும் கொஞ்சம் தளர்கின்றன. ஆறு மாதம் கழித்து ஒரு பைப் விரியும்; அப்போது பைப் கம்பெனியைத் திட்டுவார்கள். அழுத்தத்தை முதலில் சிறு வழியாக இறக்கிவிட்டுப் பிறகு பெரிய வழியைத் திறக்க வேண்டும். அதற்கான நேரம் மிஷினைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. நிரலில் ஒரு எண்ணாக இருக்கும். உற்பத்தியைக் கூட்ட யாரோ அந்த எண்ணைக் குறைத்திருப்பார்கள்.

மின்பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மிஷின் பாதி சைக்கிளில் சும்மா நின்றால், அது எதற்கோ காத்திருக்கிறது. எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த படிக்கு எந்த இன்புட் வேண்டும் என்று பி.எல்.சி.யின் விளக்குகளைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். அதிர்வில் நகர்ந்துபோன பிராக்ஸிமிட்டி சென்சார், உள்ளேயே அறுந்து சில நேரம் தொட்டும் சில நேரம் விட்டும் இருக்கும் கேபிள், தளர்ந்த டெர்மினல் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். சொலினாய்டு காயிலின் சாக்கெட்டில் விளக்கு எரிகிறது என்றால் மின்சாரம் அதுவரை வந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். ஸ்பூல் நகர்ந்ததா என்பதை அது சொல்லாது. டை அருகில் ஒருவரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வால்வின் முனையில் உள்ள கைப்பொத்தானை அழுத்திப் பாருங்கள். ராம் அசைந்தால் பழுது மின்பக்கம், அசையாவிட்டால் ஆயில் பக்கம்.

ஏ.சி. காயில் அடிக்கடி எரிகிறதா? காயிலைக் குறை சொல்லாதீர்கள். அதன் ஆர்மேச்சர் முழுவதும் உள்ளே போய் உட்காரும்வரை அது பல மடங்கு கரண்ட் இழுக்கும். அழுக்கில் ஸ்பூல் சிக்கிப் பாதியில் நின்றால் எரிந்தே தீரும். புதுக் காயிலும் எரியும். பழுது பிறந்தது ஃபில்டரில். பிரஷர் டிரான்ஸ்மிட்டர் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை சிக்னல் தருவதற்கும் ஒரு நல்ல காரணம் உண்டு. அழுத்தமே இல்லாதபோது 4 வர வேண்டும். சுழியம் வந்தால் ஒயர் அறுந்திருக்கிறது. 250 பார் அளவு கொண்ட டிரான்ஸ்மிட்டரில் 200 பாருக்கு 16.8 வர வேண்டும். முள் கேஜோடு இதை ஒப்பிட்டால், மிஷின் பொய் சொல்கிறதா திரை பொய் சொல்கிறதா என்று தெரிந்துவிடும்.

கழற்றிய சீலைக் குப்பையில் எறியாதீர்கள். வெயிலில் பிடித்துப் பாருங்கள். இறுகி வெடித்திருந்தால் சூடு. நீளவாக்கில் கீறியிருந்தால் அழுக்கு, அல்லது பிஸ்டன் ராடில் கீறல். ஓரம் பிதுங்கிக் கடிபட்டிருந்தால் இடைவெளி தேய்ந்து பெரிதாகியிருக்கிறது, அல்லது அழுத்தம் மிஞ்சியிருக்கிறது. ஒரே பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் டை மையத்தில் இல்லை. இதைப் பார்க்காமல் புதுச் சீல் போட்டால் அதுவும் அதே காரணத்தால்தான் போகும்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாகக் கேளுங்கள். மேலே நிறுத்திய ராம் தானாக மெல்ல இறங்குகிறது என்பது ஒரு பழுது. கவுண்டர்பேலன்ஸ் வால்வு, பைலட் செக் வால்வு, பிஸ்டன் சீல் என்று காரணங்கள் பல. ஆனால் அதைப் பார்ப்பதற்காகத் தலையையோ கையையோ டைக்குள் நுழைக்கும் முன், ராமுக்கும் பெட்டுக்கும் நடுவில் எடையைத் தாங்கும் பிளாக் நிற்க வேண்டும். மோட்டாரை அணைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ராமின் எடை அணையாது. அக்குமுலேட்டரில் நைட்ரஜன் அழுத்திப் பிடித்திருக்கும் ஆயிலும் அணையாது.

1849-இல் வேல்ஸில் மெனாய் நீரிணையின் மேல் பிரிட்டானியா பாலத்தின் பிரம்மாண்டமான இரும்புக் குழாயை ஹைட்ராலிக் பிரஸ்ஸால் தூக்கினார்கள். ஆகஸ்ட் மாதம், தூக்கிக்கொண்டிருந்தபோதே பிரஸ்ஸின் சிலிண்டர் உடைந்தது. குழாய் சில அங்குலம் மட்டுமே விழுந்தது. காரணம், ஒவ்வொரு சில அங்குலம் ஏறும்போதும் கீழே முட்டுக்கொடுத்துக்கொண்டே வர வேண்டும் என்று பொறியாளர் ராபர்ட் ஸ்டீஃபன்சன் கண்டிப்பாக உத்தரவிட்டிருந்தார். வேலை தாமதமாகிறது என்று அன்றும் யாராவது சொல்லியிருக்கக்கூடும். அந்த முட்டு இல்லாவிட்டால் பாலத்தின் வரலாறே வேறு. ஹைட்ராலிக் அழுத்தத்தை நம்பி ஒரு எடையின் கீழே போகக் கூடாது என்பது இந்தத் தொழிலுக்கு அன்றே தெரிந்த பாடம்.

அடுத்தது, ஊசித் துளைக் கசிவு. ஹோஸில் கண்ணுக்குத் தெரியாத துளையிலிருந்து 200 பாரில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்திய அளவுக்குச் சிறு புள்ளி. முதலில் வலிகூட அதிகம் இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே திசு அழுகத் தொடங்கும். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அட்டைத் துண்டைப் பிடித்துத் தேடுங்கள். குத்துப்பட்டால் பிளாஸ்திரி ஒட்டி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோய், உள்ளே போனது எந்த ஆயில், எவ்வளவு அழுத்தம் என்று சொல்லுங்கள்.

கை குறுக்கே வந்தால் ராமை நிறுத்தும் லைட் கர்ட்டனுக்கும் ஆயில் பழுதுக்கும் உள்ள தொடர்பைப் பலர் யோசிப்பதில்லை. மனிதக் கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நகரும் என்ற கணக்கில்தான் லைட் கர்ட்டனின் தூரத்தை வைக்கிறார்கள். சிக்னல் வந்து ராம் நிற்க 0.1 நொடி ஆனால் குறைந்தது 200 மி.மீ. தூரம் வேண்டும். ஸ்பூல் தேய்ந்து, அழுக்குப் படிந்து, ராம் நிற்க 0.2 நொடி எடுக்கத் தொடங்கினால் குறைந்தது 400 மி.மீ. வேண்டும். கர்ட்டனோ பழைய இடத்திலேயே நிற்கிறது. விளக்கு பச்சையாக எரிகிறது, கை போய்விடுகிறது. ஆகவே ராம் நிற்கும் நேரத்தை ஒவ்வொரு பராமரிப்பின்போதும் அளந்து எழுத வேண்டும்.

கர்ட்டனை ஒயர் போட்டு ஏமாற்றுவதையும், இரண்டு கைப் பொத்தானில் ஒன்றை ஆணி அடித்து அழுத்தி வைப்பதையும் பற்றி நான் கோபமாகப் பேசுவதாக நினைத்தால், ஆம், கோபம்தான். அபாயமான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்லிவிட்டது. ஹரியானாவின் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் பிரஸ்ஸில் விரல் இழந்தவர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு ஆண்டு தவறாமல் அறிக்கை வெளியிட்டு வருகிறது. அவசரத்துக்காகச் செய்யும் ஒரு பைபாஸுக்கு விரலையே விலையாகக் கொடுக்க நேரும். சென்சார் பழுதாகி, புது சென்சார் வர இரண்டு நாள் ஆகும் என்றால் மிஷின் இரண்டு நாள் நிற்கட்டும். பைபாஸ் செய்து ஓட்டச் சொல்லும் மேலதிகாரியிடம், எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்.

முதலாளிகளிடம் நான் கேட்பது மூன்று. ஒவ்வொரு பிரஸ்ஸிலும் பம்ப், சிலிண்டர், பைலட் லைன் ஆகிய இடங்களில் கேஜ் மாட்டும் டெஸ்ட் பாயிண்ட் வையுங்கள். ஒரு புதுப் பம்ப்பின் விலையில் பல மிஷின்களுக்கு வைத்துவிடலாம். ஹைட்ராலிக் சர்க்யூட் படத்தை லேமினேட் செய்து பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள், அலுவலக அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். எச்சரிக்கைப் பலகையை மிஷினை ஓட்டுகிறவரின் மொழியில் எழுதுங்கள். இன்று நம் பிரஸ் ஷாப்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஏராளம்; தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதிய பலகை அவர்களைக் காப்பாற்றாது.

மாணவர்களிடமும் ஃபிட்டர்களிடமும் கேட்பது ஒன்று. மிஷின் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். நன்றாக ஓடும் நாளில் பம்ப் அழுத்தம், ஆயில் சூடு, சைக்கிள் நேரம், ராம் நிற்கும் நேரம் நான்கையும் எழுதுங்கள். பழுதான நாளில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்; நல்ல நாளில் யாரும் எழுதுவதில்லை. ஒப்பிடுவதற்கு நல்ல நாளின் எண் இல்லாமல், பழுதான நாளின் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. தமிழிலேயே எழுதுங்கள், தேதியும் கையெழுத்தும் போடுங்கள். நாளைக் காலை ஷிப்ட்டிலேயே தொடங்கிவிடுங்கள்.